தனக்கு மிஞ்சித்தான் பிள்ளைக்கும்!

(தலைப்பு: நாற்பதைத் தாண்டிய பெற்றோர் முதலிடம் தர வேண்டியது பிள்ளைகளுக்கா, தங்களுக்கா? – "தங்களுக்கே" என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "பெத்த பிள்ளைக்குச் செய்யாம தனக்குன்னு எடுத்து வைக்கிறவ தாயா, பேயா?"ன்னு கேட்டார். அரங்கமே அதிர்ந்தது. நானும் கை தட்டினேன். நல்லாப் பேசினா தட்டணும் இல்லையா? (சிரிப்பு) தட்டி முடித்த பிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிள்ளைக்குச் செய்யக் கூடாது என்று இந்த மேடையில் யார் சொன்னார்கள்? தலைப்பு அது இல்லையே! செய்வதா வேண்டாமா என்பது கேள்வி இல்லை. எது முதலில், எது அடுத்தது என்பதுதான் கேள்வி. அதாவது, வரிசை.

வரிசை என்று வந்துவிட்டால் வள்ளுவரைக் கேட்காமல் இருக்க முடியுமா? குறளைத் தூக்கிப் பாருங்கள். ஐந்தாவது அதிகாரம் இல்வாழ்க்கை. ஆறாவது வாழ்க்கைத் துணைநலம். ஏழாவதுதான் மக்கட்பேறு. குடும்பம் என்கிற அமைப்பு முதலில், கணவன் மனைவி அடுத்தது, பிள்ளை அதற்கும் அடுத்தது. நான் சொல்லவில்லை, அவர் போட்ட வரிசை அது. நம்ம வீட்டில் எப்படி? பிள்ளை பிறந்த அன்றைக்கே ஏழை ஒன்றாக்கிவிடுகிறோம். ஐந்தும் ஆறும் எங்கே போச்சுன்னே தெரியலை! (சிரிப்பு, கைதட்டல்)

நம் கிராமத்தில் ஒரு பழமொழி உண்டு. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். இதைச் சுயநலக்காரன் சொன்னதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இல்லைங்க. கிணற்றில் விழுந்தவனைத் தூக்க வேண்டுமென்றால், தூக்குகிறவன் கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். அவனும் வழுக்கி உள்ளே போனால் ஊர் இரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும். அதுதான் அந்தப் பழமொழி.

நான் ஒன்றும் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. திருச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் கூட்டுறவு கடன் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். உங்களுக்கெல்லாம் ஜூன் மாசம் வந்தால் பள்ளிக்கூடம் திறக்கிற மாசம். எனக்கு, நகை வந்து குவிகிற மாசம். வளையல் வரும், தோடு வரும், கடைசியில் தாலிக்கொடியும் வரும். கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்தத் தாய் சொல்வாள்: "பையன் படிச்சு முடிச்சதும் மீட்டுருவான்மா." நானும் "ஆமாக்கா" என்று சொல்லி ரசீது போட்டுக் கொடுப்பேன். அடுத்த வருஷம் வருவாள். அசலுக்குப் பணம் இருக்காது. வட்டியை மட்டும் கட்டிவிட்டுத் திருப்பி வைத்துவிட்டுப் போவாள். அதற்கு அடுத்த வருஷமும் அப்படித்தான்.

ஒரு தடவை அப்படி ஒரு அம்மாவைத் தன் வண்டியில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வந்தவன் அவள் மகன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. "என்ன தம்பி, அம்மா கொடியை மீட்டுக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். அவன் அம்மா கழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எந்தக் கொடி? அம்மா போட்டிருக்கிறது தங்கம் இல்லையா?" என்றான். ஆறு வருஷம்! ஆறு வருஷமாக அம்மா கவரிங் போட்டிருப்பது வீட்டில் இருந்த பிள்ளைக்குத் தெரியாது. அந்த அம்மா என்னை முறைத்தார் பாருங்கள், நான்தான் ஏதோ ரகசியத்தைப் போட்டு உடைத்த மாதிரி! (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவனுக்குத் தெரிய விடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பேசலாமா? கணக்கு என்றதும் ரிமோட்டைத் தேடாதீர்கள், ரொம்பச் சின்னக் கணக்கு.

வட்டி விகிதத்தால் 72-ஐ வகுங்கள். வருகிற விடைதான் பணம் இரட்டிப்பாக ஆகிற வருஷம், ஏறத்தாழ. எட்டு சதவிகிதம் என்றால் ஒன்பது வருஷம். ஆக, 42 வயதில் உங்களிடம் இருக்கிற 5 லட்சம் ரூபாய், தொடாமல் விட்டால் 51-ல் 10 லட்சம், 60-ல் 20 லட்சம். அதை 42-ல் எடுத்துச் செலவு செய்தால் 5 லட்சம் போச்சு என்று நினைக்கிறோம். இல்லைங்க. 60 வயதில் கையில் இருக்க வேண்டிய 20 லட்சம் போய்விட்டது. அந்த வயதில் திரும்ப அதைச் சம்பாதிக்க ஒன்பது ஒன்பதாகப் பதினெட்டு வருஷத்துக்கு எங்கே போவது?

"பென்ஷன் வருமே" என்பீர்கள். யாருக்கு? மாநில அரசில் 2003 ஏப்ரல் 1 முதலும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் முறை நிறுத்தப்பட்டது. தனியார் கம்பெனிக்காரர்களுக்கு 1995-ல் வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டம் இருக்கிறது. அந்தக் கணக்கு எப்படித் தெரியுமா? பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தை வேலை பார்த்த வருஷத்தால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த வரம்புப்படி முப்பது வருஷம் மாடாய் உழைத்தவருக்கும் மாதம் 7,000 ரூபாயைத் தாண்டாது. இதில் அரிசி வாங்குவதா, மாத்திரை வாங்குவதா?

பிள்ளை படிப்புக்குப் பாங்க்கில் கடன் கிடைக்கும். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. படிக்கிற காலம் முடிந்து, அதற்கு மேலும் ஒரு வருஷம் கழித்துத் தவணை ஆரம்பித்தால் போதும். வீடு கட்டக் கடன் உண்டு. வண்டி வாங்கக் கடன் உண்டு. கல்யாணத்துக்குக்கூடக் கடன் தருகிறார்கள். ஆனால், "ஐயா, எனக்கு அறுபது வயசாச்சு, சேமிப்பு ஒண்ணும் இல்லை, மாசா மாசம் சாப்பிடறதுக்குக் கடன் குடுங்க, பின்னால சம்பாதிச்சுக் கட்டிடறேன்" என்று கேட்டுப் பாருங்கள். மானேஜர் தண்ணி குடுத்து அனுப்பி வைப்பார்! (சிரிப்பு, கைதட்டல்) படிப்புக்குக் கடன் உண்டு. முதுமைக்குக் கடன் கிடையாது. இந்த ஒரு வரியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்கன்னா நான் பேச வந்ததுக்குப் பலன் கிடைச்ச மாதிரி.

ஊருக்கு உபதேசம் சொல்கிறாயே, உன் வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் மகள் பன்னிரண்டாவது முடித்தபோது எனக்கு 45 வயது, அவள் அப்பாவுக்கு 48. அவளுக்கு ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டும். கவுன்சலிங்கில் அந்த இடம் வராது. நிர்வாக ஒதுக்கீட்டில் போக வேண்டும் என்றால் முதலில் கட்டவே 6 லட்சம். அவ்வளவு பணம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அவருடைய பி.எஃப். கணக்கில். படிப்புக்கு என்று கேட்டால் அதில் ஒரு பகுதியை எடுக்க விதி இடம் கொடுக்கிறது. அவர் படிவத்தை நிரப்ப உட்கார்ந்துவிட்டார். நான் வேண்டாம் என்றேன். அந்த 6 லட்சம் அவருக்கு 57 வயதாகும்போது 12 லட்சம். 58-ல் அவருக்கு வேலை முடிகிறது. எங்களுக்கு இருக்கிற ஒரே தரை அதுதான்.

ஆனால் "முடியாது" என்று மட்டும் மகளிடம் சொல்லவில்லை. வீட்டு வரவு செலவு நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "இதுதான்மா நம்ம வீடு. நீயே பாரு. கவுன்சலிங்ல கிடைக்கிற காலேஜ்ல சேரு. விடுதிக்கும் கட்டணத்துக்கும் உன் பேர்ல அளவா ஒரு கடன் வாங்குவோம். வட்டியை நாங்க கட்டறோம், அசலை நீ வேலைக்குப் போய்க் கட்டு" என்றேன். எழுந்து போய்விட்டாள். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, பதினோரு நாள் ஒரு பெண் தன் தாயோடு பேசவில்லை என்றால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது நாள் ராத்திரி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் அவள் அப்பாவைக் கேட்டாள். "அப்பா, மாசா மாசம் 'சர்க்கரை மாத்திரை'ன்னு ஒரு வரி இருக்கு. மூணு மாசமா அதைக் காணோமே, ஏன்?" அவர் பதில் சொல்லவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் படிப்புக்குச் சேர்க்கிறேன் என்று மனிதர் எங்களுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்! மறுநாள் காலையில் கண் விழித்தால் மேஜை மேல் ஒரு மாத மாத்திரை. தன் உண்டியல் காசில் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அப்புறம் அவளே கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டாள். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் கட்டடப் பொறியியல் கிடைத்தது. இப்போது இரண்டாம் வருஷம்.

கதை சுபம் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் கோபம் வந்தால், "நீங்க நினைச்சிருந்தா அந்தக் காலேஜ்ல சேர்த்திருக்கலாம்" என்பாள். அது என் நெஞ்சில் தைக்கத்தான் செய்கிறது. அவள் நாளைக்கு எப்படி வருவாள் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று. என் மகளுக்கு என் கழுத்தில் கிடப்பது தங்கமா கவரிங்கா என்று தெரியும். (பலத்த கைதட்டல்)

எதிரணி அக்கா இப்போது கேட்பார்: "பதினெட்டு வயசுப் பிள்ளை தலையில கடனைக் கட்டறது நியாயமா?" நியாயமான கேள்வி. கடனுக்கு ஓர் அளவு வேண்டும். படித்து முடித்தால் அந்தப் படிப்புக்கு முதல் வருஷம் என்ன சம்பளம் கிடைக்கும் என்று விசாரித்து, அது தாங்குகிற அளவுக்கு மட்டும்தான் வாங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. ஆனால் நான் திருப்பிக் கேட்கிறேன். கையில் ஒன்றும் இல்லாமல் கிழப்பருவத்துக்கு வந்து நிற்கிற அப்பா அம்மா யார்? அந்தப் பிள்ளை தலையில் நாம் கட்டுகிற இன்னொரு கடன்! பாங்க் கடனுக்காவது தொகை தெரியும், தவணை தெரியும், முடிகிற தேதி தெரியும். நாம் கட்டுகிற இந்தக் கடனுக்கு எதுவுமே தெரியாது. அதுவும் எப்போது வந்து விழும்? அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டத் திணறுகிற வயதில் வந்து விழும்.

பெற்றோரைப் பிள்ளைகள் பார்க்கவில்லை என்றால் சட்டம் இருக்கிறது. 2007-ல் மத்திய அரசு கொண்டுவந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவிட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பார்த்துக்கொள்வதாக நிபந்தனை எழுதி வாங்கிய சொத்துக்கு அப்படிப் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். நல்ல சட்டம்தான், வேண்டிய சட்டம்தான். ஆனால் மகன் பெயரை எதிர் மனுதாரர் என்று எழுதிக்கொடுத்துச் சோறு வாங்குகிற நிலைமைக்கு எந்தத் தாயாவது போக ஆசைப்படுவாளா?

அடுத்தது உடம்பு. 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவோடு நடந்த ஆய்வு அது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்தவுடனே வலிக்காது. அதுதான் அதில் உள்ள ஆபத்து. வலிக்காததால் நாம் தள்ளிப் போடுகிறோம். "பொண்ணு பரீட்சை முடியட்டும்", "பையன் அட்மிஷன் முடியட்டும்" என்கிறோம். அது நம்ம பரீட்சைத் தேதியைக் கேட்டுக்கொண்டா சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் போகிறது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்கிறார்கள். வந்தவர்களைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் இல்லை, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக் கூடிய பெரிய சொத்து, அறுபது வயதில் தானாக எழுந்து நடக்கிற ஓர் அப்பா, ஓர் அம்மா.

"கையில காசு இருக்கிறவங்க பேசற பேச்சு இது" என்று ஒரு குரல் கேட்கிறது. கூலி வேலைக்குப் போகிற என் சகோதரிக்கும் இந்த வரிசை பொருந்தும். தொகைதான் வேறு. 2015-ல் தொடங்கிய அடல் பென்ஷன் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. வருமான வரி கட்டாதவர்கள் சேரலாம். அறுபது வயதுக்குப் பிறகு, நாம் கட்டுகிற தொகையைப் பொறுத்து மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். நாற்பதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தபால் ஆபீஸ் இருக்கிறது. பி.பி.எஃப். கணக்கை எந்த வயதிலும் ஆரம்பிக்கலாம். வருஷத்துக்கு 500 ரூபாய் போட்டால்கூடக் கணக்கு உயிரோடு இருக்கும். பதினைந்து வருஷத்தில் முதிரும். 45-ல் ஆரம்பித்தால் ஏறத்தாழ அறுபதில் கைக்கு வரும்.

கடைசியாக ஒன்று. பிள்ளைக்கு எதுவுமே முதலில் கொடுக்கக் கூடாதா என்றால், ஒன்று இருக்கிறது. நேரம்! பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை ஒரு பிள்ளைக்கு மொத்தம் ஏறத்தாழ 939 ஞாயிற்றுக்கிழமைகள். பத்தாவது படிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மீதி 156. அதிலும் பாதியை டியூஷனுக்குக் கொடுத்துவிடுகிறோம். மீதிப் பாதியில் நாம் ஓவர்டைம் பார்க்கிறோம். கேட்டால், "எல்லாம் அவனுக்காகத்தானே!" அவனுக்காக என்று சொல்லி அவனிடமிருந்தே நம்மை எடுத்துவிடுகிறோம். பணத்தில் நம்மைப் பின்னால் நிறுத்துகிறோம், நேரத்தில் பிள்ளையைப் பின்னால் நிறுத்துகிறோம். இரண்டுமே தலைகீழ்!

ஆகவே நான் சொல்கிற வரிசை இதுதான். முதலில் உடம்பு. அடுத்தது, முதுமைக்கான பணம். சின்னத் தொகையானாலும் அதைத் தொடக் கூடாது. மூன்றாவது, பிள்ளைக்கு நம் நேரமும் வீட்டுக் கணக்கு பற்றிய உண்மையும். நான்காவதுதான் பிள்ளைக்குப் பணம். இந்த நான்காவதில் நாம் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் பிள்ளைக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தைத் தாங்குகிற தெம்பு 45 வயதில் நமக்கு இருக்கிறது. அவர்கள் முன்னால் கையேந்தி நிற்கிற வேதனையைத் தாங்குகிற தெம்பு எழுபதில் இருக்காது.

நடுவர் அவர்களே, பிள்ளைகள் மேல் பாசம் குறைந்தவர்கள் இல்லை எங்கள் அணி. நாளைக்கு அந்தப் பிள்ளைகள் நம்மைப் பார்க்க வரும்போது, கடமைக்கு வந்தார்கள் என்று இருக்கக் கூடாது. ஆசையாக வர வேண்டும். நாம் நம் காலில் நின்றால்தான் அவர்களால் அப்படி வர முடியும். எனவே நாற்பதைத் தாண்டிய பெற்றோர் முதலிடம் தர வேண்டியது தங்களுக்கே, அதுவும் தங்கள் பிள்ளைகளுக்காகவே. (கைதட்டல்)